பாட்டு, பாட்டில்: முதலாண்டு ஆங்கில மாணவர்களுக்கு மொழியியல் எதற்கு?

கேள்வி, ஜனவரி 5, 2025

நான் ஒரு கலைக் கல்லூரியில் ஆங்கிலத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். முதலாண்டு பி.ஏ. வகுப்புக்கு மொழியியல் அறிமுகம் என்ற தாளை எனக்குத் தந்திருக்கிறார்கள். பாதிப் பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். கதையும் கவிதையும் படிக்க ஆசைப்பட்டு வந்த பிள்ளைகளிடம் ஆங்கிலத்தின் 44 ஒலியன்களை, அதாவது பொருளை வேறுபடுத்தும் ஒலிகளை, ஒப்பிக்கச் சொல்வதில் என்ன பயன்? எழுதுகிறார்கள், பாஸ் ஆகிறார்கள், மறந்துவிடுகிறார்கள். முதலாண்டில் இந்தத் தாளே வேண்டாம், மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளிவிடலாம் என்பது என் கருத்து.

பதில், ஜனவரி 6, காலை

தள்ள வேண்டாம். பதினோரு ஆண்டாக இதே தாளை முதலாண்டுக்குத்தான் எடுக்கிறேன். 44 ஒப்பிப்பதில் பயனில்லை என்பது சரி. ஆனால் அதற்குக் காரணம் நாம் பாடத்தை எடுக்கும் முறை. முதல் அலகில் மொழி என்றால் என்ன என்று ஐந்து அறிஞர்களின் ஐந்து வரையறை. இரண்டாம் அலகில் பேச்சுறுப்புகளின் படம். பிள்ளைகள் அதைப் பயாலஜி படம்போல அழகாக வரைந்து பாகம் குறிக்கிறார்கள். அந்தப் படத்தில் இருப்பது தன்னுடைய வாய்தான் என்பது பலருக்கு ஆண்டு முடியும்வரை உறைப்பதில்லை.

நான் முதல் நாள் போர்டில் இரண்டு சொல் மட்டும் எழுதுவேன். பாட்டு. பாட்டில். சத்தமாகப் படிக்கச் சொல்வேன். அப்புறம் தொண்டையில் கைவைத்துக்கொண்டு இன்னொரு முறை, மெதுவாக. முதல் சொல்லில் உதடு திறக்கும்வரை தொண்டை சும்மா இருக்கிறது. இரண்டாவதில் உதடு மூடியிருக்கும்போதே அதிர்கிறது. எழுதுவது ஒரே பகரம்தான். பேட்டை, பேட்டரி என்று சொல்லிப் பாருங்கள். பந்து, பந்த் என்று சொல்லுங்கள். பம்பரத்தில் ஒரே சொல்லுக்குள்ளேயே பகரம் இரண்டு விதமாக ஒலிக்கிறது.

"இத்தனை வருஷம் பேசுறோம், இதைக் கவனிச்சதே இல்லையே மேம்" என்று யாராவது ஒருவர் சொல்வார். ஒவ்வோர் ஆண்டும் அந்த வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் கேள்வி. ஏன் நாம் இதுவரை கவனிக்கவில்லை? தமிழ்ச் சொல்லில் எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்பதை இடமே தீர்மானித்துவிடுகிறது. சொல்லின் தொடக்கத்தில் அதிராத ஒலி, மகரத்தை அடுத்து அதிரும் ஒலி. அதனால் ஒரு எழுத்து போதும். பஸ்ஸும் பாட்டிலும் வந்த பிறகு இடத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஆங்கிலத்தில் இந்த அதிர்வு ஒன்றே பொருளை மாற்றிவிடும்: பின் என்று தொண்டை அதிராமல் சொன்னால் குண்டூசி, அதிரச் சொன்னால் குப்பைத்தொட்டி. பொருளை மாற்றும் ஒலிக்கு ஒலியன், இடத்துக்கேற்ப அது எடுக்கும் வடிவத்துக்கு மாற்றொலி என்ற இரண்டு கலைச்சொற்களையும் அன்றைக்கு வகுப்பு முடியும்போதுதான் போர்டில் எழுதுவேன். அதற்குள் அவற்றின் பொருள் பிள்ளைகளின் வாயில் வந்திருக்கும்.

ஜனவரி 6, இரவு

ஒன்று விட்டுப்போனது. மினிமல் பேர், அதாவது ஒரே ஒலியில் மட்டும் வேறுபடும் சொல் இணை, சொல்லித்தர ஆங்கிலத்துக்கு ஓட வேண்டாம். வால், வாள், வாழ். ஒரே ஒலி மாறினால் பொருள் மாறுகிறது என்பதற்கு நம் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது.

ஜனவரி 9

காகிதத் துண்டு சோதனை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாப் பாடநூல்களிலும் இருப்பதுதான். உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பின் என்று சொன்னால் காகிதம் படபடக்கும், ஸ்பின் என்று சொன்னால் அசையாது. சகரத்துக்குப் பின் வரும் பகரத்தில் மூச்சு வெடிப்பு இல்லை, அதனால் இரண்டும் ஒரே ஒலியனின் இரண்டு மாற்றொலிகள்.

என் முதல் ஆண்டில் இதை ஆசையோடு வகுப்பில் செய்தேன். காகிதம் இரண்டு சொல்லுக்குமே அசையவில்லை. சத்தமாகச் சொல்லச் சொன்னேன். அப்போதும் இல்லை. கடைசி வரிசையில் ஒரு பையன் வேண்டுமென்றே ஊதி அசைத்துக் காட்டினான், வகுப்பே சிரித்தது. "சரி, புத்தகத்தில் இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. வகுப்பில் அன்று நடந்தது அருமையான ஒரு கண்டுபிடிப்பு, நான் அதைக் குப்பையில் போட்டேன்.

காரணம் எளிது. தமிழில் மூச்சு வெடிப்புள்ள ஒலிகள் கிடையாது, நாம் பேசும் ஆங்கிலத்திலும் அது பெரும்பாலும் வருவதில்லை. புத்தகத்தின் விதி லண்டன் பக்கத்து ஆங்கிலத்துக்குச் சரி. எங்கள் வகுப்பறை ஆங்கிலத்துக்குப் பொருந்தாது. விதி என்பது ஒரு குறிப்பிட்ட கூட்டத்தார் பேசுவதைப் பற்றிய விவரிப்பு என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் பாடம் ஏது? இப்போது காகிதம் அசையாமல் நிற்கும்போது, "ஏன் அசையவில்லை? ஒரு பத்தி எழுதிவாருங்கள்" என்று கேட்கிறேன்.

ஜனவரி 11

யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர், "நீங்கள் டேபிள் என்று எழுதுவதும் இதே கதைதான்" என்று எழுதியிருக்கிறார். உண்மை. ஆங்கிலத்தின் அந்த ஒலிக்கு நாக்கு நுனி மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னே உள்ள மேட்டைத் தொடுகிறது. நாம் டகரம் போட்டு நாக்கை மடக்கிவிடுகிறோம். டொரான்டோ நகரின் பெயரை அவர்கள் ரொறன்ரோ என்று எழுதுவதைப் பார்த்து இங்கே பலருக்கும் விநோதமாக இருக்கும். ஆனால் நாக்கு தொடும் இடத்தைக் கணக்கில் எடுத்தால் அந்த எழுத்துமுறை நம்முடையதைவிட நெருக்கமானது. காற்று, வெற்றி என்பவற்றில் உள்ள றகரத்தின் பழைய ஒலிப்பிடம் அதே மேடு. டொரான்டோ, ரொறன்ரோ இரண்டையும் போர்டில் அடுத்தடுத்து எழுதி, "எவர் காதுக்கு எது கேட்கிறது?" என்று அடுத்த வகுப்பில் கேட்கப்போகிறேன். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய எடுத்துக்காட்டு. நன்றி.

ஜனவரி 14

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள். வாழ்த்துக்கள் என்று எழுதியவர்களுக்கும்தான்.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்ற இந்தச் சண்டையை நான் வகுப்பில் பயன்படுத்துகிறேன். 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் சின்னக் குழந்தைகளிடம் ஒரு பொம்மைப் பிராணியின் படத்தைக் காட்டி, இல்லாத ஒரு பெயரை அதற்கு வைத்து, "இப்போது இரண்டு இருக்கின்றன, என்ன சொல்வாய்?" என்று கேட்டார். கேட்டே இராத சொல்லுக்குப் பன்மை விகுதி சேர்த்துச் சொன்னார்கள் குழந்தைகள். மனப்பாடம் செய்திருக்க வழியே இல்லை. அப்படியானால் விதி மனத்துக்குள் இருக்கிறது.

நான் அதைத் தமிழில் செய்கிறேன். மூன்று பொய்ச் சொற்கள்: நிசு, டோபு, லாக்கு. பன்மை சொல்லுங்கள். நிசுக்கள் என்று ஏறக்குறைய எல்லோரும் சொல்கிறார்கள், பசுக்கள் மாதிரி. டோபுகள் என்பதிலும் சண்டை இல்லை, மாடுகள் மாதிரி. லாக்கு வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிளந்துவிடும். லாக்குகளா, லாக்குக்களா? இதே இடத்தில்தான் வாழ்த்தும் எழுத்தும் நிற்கின்றன. வன்தொடர்க் குற்றியலுகரம், அதாவது வல்லின மெய்யைத் தொடர்ந்து சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம்.

க்கள் என்று எழுதினால் அது குடிக்கிற கள்ளாகிவிடும் என்ற வாதத்தை ஒரு பெண் வகுப்பில் எடுத்துவைத்தாள். அப்படியானால் பூக்கள்? என்று பக்கத்துப் பெஞ்சில் இருந்து பதில் வந்தது. நான் வாய் திறக்கவே இல்லை. எது சரி என்பது இலக்கண ஆசிரியரின் கேள்வி, பேசுகிறவர்கள் எதை எங்கே ஏன் சொல்கிறார்கள் என்பது மொழியியலின் கேள்வி. இந்த வேறுபாட்டை வரையறையாகச் சொன்னால் யாருக்கும் ஏறாது. லாக்குவில் ஏறிவிடுகிறது.

ஜனவரி 19

தேர்வுக்கு வருகிறேன். நீங்கள் உண்மையில் கேட்டது அதைத்தான்.

எங்கள் கல்லூரியில் 25 அகமதிப்பீடு, 75 பல்கலைக்கழகத் தேர்வு. அந்த 75இல் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், ஐந்து ஐந்து மதிப்பெண், மூன்று பத்து மதிப்பெண். "ஒலியனை வரையறுக்க." "பேச்சுறுப்புகளைப் படத்துடன் விளக்குக." எதற்கும் காது தேவையில்லை. மனப்பாடம் போதும். கேள்வி அப்படி இருக்கும்வரை பிள்ளைகள் அப்படித்தான் படிப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த 75 என் கையில் இல்லை. 25 என் கையில் இருக்கிறது.

அந்த 25இலும் நான் பெரிய தவறு செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அகத்தேர்வில், "கீழ்க்காணும் சொற்களை நீங்கள் உச்சரிப்பது போலவே ஒலிக்குறியீட்டில் எழுதுக" என்று கேட்டிருந்தேன். ஆங்கிலத்தில் போ என்பதற்கான சொல், நாள் என்பதற்கான சொல், இன்னும் ஏழெட்டு. பாடநூல்படி முதலிரண்டிலும் கூட்டுயிர் வர வேண்டும், ஒரு உயிரில் தொடங்கி இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் ஒலி. அமைதியான ஒரு மாணவி, தமிழ்வழியில் படித்தவள், முதல் சொல்லுக்கு நீண்ட ஓகாரத்தையும் இரண்டாவதற்கு நீண்ட ஏகாரத்தையும் குறித்திருந்தாள். எல்லாவற்றையும் சிவப்பு மையில் அடித்துப் பூஜ்யம் போட்டேன்.

மூன்று நாள் கழித்து ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். கேள்வித்தாளைக் காட்டினாள். "நீங்க உச்சரிக்கிற மாதிரின்னுதான் கேட்டிருக்கீங்க மேம். நான் இப்படித்தான் சொல்றேன். சொல்லிக் காட்டவா?" சொல்லிக் காட்டினாள். வழுக்கலே இல்லாத, நேரான ஓகாரம். நானும் அப்படித்தான் சொல்கிறேன் என்பது அந்த நிமிடத்தில்தான் என் காதுக்கே கேட்டது. வகுப்பில் இருந்த எல்லோரும் தங்கள் வாயை மறந்து புத்தகத்தை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். கேட்டதைக் கேட்டபடி செய்தவள் அவள் ஒருத்திதான். மதிப்பெண்ணைத் திருத்தினேன், அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், அடுத்த நாள் வகுப்பிலும் நடந்ததைச் சொன்னேன்.

அதிலிருந்து கேள்வியைப் பிரித்துவிட்டேன். ஒரு பத்தி: அகராதி தரும் பிரிட்டிஷ் உச்சரிப்பை எழுதுக. இன்னொரு பத்தி: உங்கள் உச்சரிப்பை எழுதுக. மூன்றாவது: இரண்டும் எங்கே வேறுபடுகின்றன? அந்த மூன்றாவதுக்குத்தான் அதிக மதிப்பெண்.

ஜனவரி 20

ஜனவரி 6 இரவு எழுதியதைத் திருத்துகிறேன். வால், வாள், வாழ் என்று தைரியமாக எழுதினேன். இன்று வகுப்பில் அதைப் போட்டதும் கோவில்பட்டிப் பக்கத்துப் பையன் கையைத் தூக்கினான். "மேம், போர்டைப் பார்த்து வாசிச்சா மூணும் வேற வேற. கண்ணை மூடிட்டுப் பேசினா எங்களுக்குக் கடைசி ரெண்டும் ஒண்ணுதான். வீட்ல வாளப்பளம்தான்."

நான் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம், வேலை நெல்லைச் சீமையில். பதினோரு ஆண்டும் பிள்ளைகள் போர்டைப் பார்த்து வாசித்ததைக் கேட்டுவிட்டு, அதுதான் அவர்கள் பேச்சு என்று நினைத்திருக்கிறேன். எழுத்தையும் ஒலியையும் குழப்பக் கூடாது என்று சொல்லித்தருகிற பாடத்திலேயே இது நடந்திருக்கிறது. அவனுடைய வீட்டுத் தமிழில் ளகரமும் ழகரமும் ஒரே ஒலியன். அவன் பேச்சை வைத்து மினிமல் பேர் கேட்டால் வால், வாள் மட்டும்தான் கிடைக்கும்.

இனிமேல் எடுத்துக்காட்டைப் போர்டில் எழுதப்போவதில்லை. படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வேன். வாழைப்பழத்தின் படத்தைக் காட்டினால் வகுப்பிலேயே எத்தனை உச்சரிப்பு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பிப்ரவரி 2

"ஆங்கில வகுப்பில் தமிழ் நடத்துகிறீர்கள்" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். நியாயமான கோபம், அதனால் நேராகப் பதில் சொல்கிறேன். ஓர் ஆண்டு நான் தமிழ் எடுத்துக்காட்டிலேயே மூழ்கிப்போனேன். வகுப்பு கலகலவென்று இருந்தது. பல்கலைக்கழகத் தேர்வில் ஆங்கிலச் சொற்களுக்கு ஒலிக்குறியீடு எழுதச் சொன்னபோது சில பிள்ளைகள் திணறினார்கள், அரியர் வைத்தார்கள். அது என் பொறுப்பு. அதற்குப் பிறகு கடைசி மூன்று வாரம் குறியீடுகளுக்கும் பழைய கேள்வித்தாளுக்கும் என்று ஒதுக்கிவிட்டேன். பிள்ளைகளுக்கு டிகிரி வேண்டும்.

ஆனால் தமிழைத் தொடங்குமிடமாக வைப்பதை விடமாட்டேன். சொல்லைப் பொருளுள்ள கூறுகளாகப் பிரிக்கும் உருபனியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சொல்லைக் கூறுகளாகப் பிரிக்கச் சொன்னால் முழிக்கிறார்கள். நடந்தான் என்ற சொல்லைப் பிரிக்கச் சொன்னால் வகுப்பே கோரஸாகச் சொல்கிறது: நட, த், த், ஆன். நட பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், த் இறந்தகால இடைநிலை, ஆன் ஆண்பால் வினைமுற்று விகுதி. பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்காகப் படித்த பகுபத உறுப்பிலக்கணம்! தாங்கள் அப்போதே உருபனியல் செய்துகொண்டிருந்தோம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

செய்தான், உண்டான், தின்றான், ஓடினான். இறந்தகாலம் ஒன்று, உருவம் நான்கு: த், ட், ற், இன். இதைப் போட்டுவிட்டு ஆங்கில இறந்தகால விகுதிக்குப் போனால், நடந்தான் என்பதற்கு ஒரு ஒலி, விளையாடினான் என்பதற்கு இன்னொன்று, விரும்பினான் (வான்டட்) என்பதற்கு மூன்றாவது என்று அவர்களே பிரித்துவிடுகிறார்கள். எழுத்தில் மூன்றும் ஒன்றுபோல இருப்பதால் நடந்தான் என்பதை வாக்கெட் என்று சொல்லிவந்தவர்கள், அன்றைக்குத் தாங்களே திருத்திக்கொள்கிறார்கள்.

புக்கு, பஸ்ஸு என்று ஏன் உகரம் ஒட்டுகிறது என்பதும் இங்கேயே அவிழும். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. குற்றியலுகரம் ஓடிவந்து தாங்குகிறது. அந்த உகரத்தைக் கேலி செய்யும் ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேலி கேட்ட பிள்ளை அடுத்த முறை வாயே திறப்பதில்லை. அது ஒரு விதியின் வேலை என்று காட்டினால் தயங்காமல் பேசுகிறது, திருத்தவும் செய்கிறது.

பிப்ரவரி 16

இரண்டாம் அகத்தேர்வு முடிந்தது. புதிதாக ஒரு கேள்வி வைத்தேன். யாருக்கும் தெரியாத மொழியிலிருந்து கொஞ்சம் தரவு. துருக்கி மொழி. இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்:

எவ் (வீடு), எவ்லெர் (வீடுகள்)
ஆத் (குதிரை), ஆத்லார்
தில் (மொழி), தில்லெர்
ஒகுல் (பள்ளி), ஒகுல்லார்
கிதாப் (புத்தகம்), கிதாப்லார்
எல் (கை), எல்லெர்

பன்மை விகுதியின் இரண்டு வடிவங்கள் எவை? எது எப்போது வருகிறது? பாஷ் என்றால் தலை, தெனிஸ் என்றால் கடல், இவற்றின் பன்மை என்ன?

வகுப்பின் முதல் மாணவி பத்து நிமிடத்தில் எழுந்து, "இது எந்த யூனிட்ல இருக்கு மேம்?" என்று கேட்டாள். எந்த யூனிட்டிலும் இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. பார்க்கக் கஷ்டமாக இருந்தது. பள்ளியிலிருந்து இன்றுவரை அவளை நாம் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். இன்னொரு பக்கம் ஒரு பையன், "கிதாப் எங்க வீட்லயும் இருக்கு மேம்" என்று சிரித்துக்கொண்டே எழுதினான்.

பலர் முதல் உயிரைப் பார்த்து விதி எழுதினார்கள். எகரம், இகரம் வந்தால் லெர், மற்றவற்றுக்கு லார். கிதாப் அவர்களை மாட்டிவிட்டது: இகரத்தில் தொடங்கி லார் எடுக்கிறது. அடித்துவிட்டு, கடைசி உயிர் என்று திருத்தியவர்களின் தாளில் அந்த அடித்தல் கோட்டைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பாஷ்லார், தெனிஸ்லெர். சரியாக எழுதியவர்களில் வழக்கமாகப் பார்டரில் நிற்கும் நாலைந்து பேரும் இருந்தார்கள். வரையறை கேட்கும் கேள்விகளில் அவர்கள் இரண்டு வரிக்கு மேல் எழுதியதில்லை.

பிப்ரவரி 17

நேற்றைய குறிப்பு கொஞ்சம் ஒருதலையாக இருக்கிறது. முழுவதும் விட்டுவிட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். முன்பயிற்சியே தராமல் தேர்வில் வைத்தது அநியாயம். வகுப்பில் குறைந்தது மூன்று தரவுக் கணக்காவது குழுவாக உட்கார்ந்து போட்டுப் பழகிய பிறகுதான் தேர்வில் வைக்க வேண்டும். இந்த முறை அந்தக் கேள்வியில் சரியானவர்களுக்கு மதிப்பெண் சேர்த்தேன், விட்டவர்களுக்குக் கழிக்கவில்லை.

முதல் மாணவி இன்று வந்து விடையைக் கேட்டாள். சொல்லவில்லை. மத்தியானம் திரும்பி வந்து அவளே சொன்னாள்.

மார்ச் 3

கடைசி மூன்று வாரத்துக்குள் நுழைகிறோம், அதனால் இங்கே எழுத நேரம் இருக்காது. போகுமுன் ஒன்று.

நகரமும் னகரமும் தமிழில் இரண்டு எழுத்து, இன்றைய பேச்சில் பெரும்பாலும் ஒரே ஒலி, வரும் இடமும் வேறுவேறு: நகரம் சொல்லின் தொடக்கத்திலும் தகரத்துக்கு முன்னும், னகரம் மற்ற இடங்களில். ஆகவே ஒரே ஒலியன் என்று காட்டலாம் எனச் சொல்லித்தருவது என் வழக்கம். போன வாரம் அதையே கேள்வியாகக் கேட்டேன்: "இடம் பிரிந்து வருகின்றன என்பதை நிறுவுக." பூஜ்யத்தைத் திருத்திக் கேட்ட பெண்ணைப் பற்றி எழுதினேன் அல்லவா, அவளுடைய தங்கை இந்த ஆண்டு என் வகுப்பில். விடைத்தாளில் நிறுவவில்லை. அந்நாள், அன்னாள் என்று இரண்டு சொல் எழுதி, "ஒன்று அந்த நாள், மற்றது அத்தகைய பெண். இரண்டும் ஒரே இடத்தில் வருகின்றன. ஆகவே கேள்வி தவறு" என்று முடித்துவிட்டாள்.

அந்நாள் என்பதில் அ, நாள் என்று இரண்டு கூறு இருக்கிறது, நாள் என்பதன் தொடக்க நகரம்தான் இரட்டித்து நிற்கிறது என்று பதில் சொல்லலாம். அப்படியானால் சொல் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால்தான் ஒலியின் கணக்கையே போட முடியும் என்றாகிறது. ஒலி தனி அலகு, சொல் தனி அலகு என்று பாடத்திட்டம் போட்டிருக்கும் வேலியை அவள் ஒரு வரியில் தாண்டிவிட்டாள். முழு மதிப்பெண் போட்டேன். நாளை அந்த இரண்டு சொல்லோடு வகுப்பைத் தொடங்குகிறேன், அவளே வந்து போர்டில் எழுதட்டும்.

கேள்வி கேட்டவருக்கு: துருக்கித் தரவையும் மூன்று பத்திக் கேள்வியையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாழைப்பழத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு இங்கே எழுதுங்கள்.